கமிஷன் வேலை: பையைத் தோளில் மாட்டும் முன்பும், சம்பளம் நின்ற பின்பும்

வேலூர் மாவட்டம் காட்பாடி ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மின்கம்பங்களில் அந்த நோட்டீஸைப் பார்க்கலாம். "ஆபீஸ் வேலைக்கு ஆட்கள் தேவை. 10, பிளஸ் டூ, டிகிரி. பாஸ், ஃபெயில் இரண்டும் சரி. சம்பளம் 18,000 முதல் 25,000. தங்குமிடம், சாப்பாடு இலவசம்." கீழே ஒரு போன் நம்பர். கம்பெனி பெயர் மட்டும் எங்கும் இருக்காது.

போன் செய்தால் மரியாதையாகப் பேசுவார்கள். சத்துவாச்சாரியிலோ காந்தி நகரிலோ ஒரு மாடிக்கு வரச் சொல்வார்கள். முதல் நாள் இன்டர்வியூ, இரண்டாம் நாள் டிரெய்னிங், மூன்றாம் நாள் தோளில் பை. பைக்குள் கேஸ் அடுப்போ, வாட்டர் ஃபில்டர் சந்தாப் படிவமோ இருக்கும். தெருத் தெருவாகப் போய் விற்க வேண்டும். விற்றால் காசு. விற்காத நாளில் பஸ் காசும் நம் கையை விட்டுத்தான்.

ஒரு காலத்தில் நானும் அப்படி ஒரு பையைத் தூக்கினேன். இப்போது இப்படி ஏமாந்து வரும் பிள்ளைகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைவதைப் பார்த்துப் பார்த்து மனம் கொதித்துத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. குறைந்தபட்ச ஊதியம், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுப்பது, சம்பளச் சீட்டு எல்லாம் இதற்குள் வருகின்றன. வேலையை விட்டாலும், அவர்களே நிறுத்தினாலும், பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். கூடவே வந்த இன்னொரு தொகுப்பு, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது.

முதல் கண்ணி, சேரும் அன்று நீட்டப்படும் தாளில் இருக்கிறது. நான்கைந்து பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம். பையன் கையெழுத்துப் போடுகிறான். அதில் அவனை ஊழியர் என்று எங்கும் எழுதியிருக்காது. "பிசினஸ் அசோசியேட்", "ஃப்ரீலான்சர்", "சேனல் பார்ட்னர்" என்று ஏதோ ஒரு பெயர். அதாவது அவன் சொந்தத் தொழில் செய்கிறான், கம்பெனி அவனுக்கு முதலாளி இல்லை. நாளைக்கு சம்பளம் எங்கே என்று கேட்டால் இந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். தொழிலாளர் அலுவலகத்திலும் அதைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் ஏஜெண்டுன்னு சைன் போட்டிருக்கீங்களே" என்று திருப்பி அனுப்புவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒரு சொல்லுக்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். தாளில் என்ன பெயர் போட்டார்கள் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தத் தெருவுக்குப் போக வேண்டும், லீவு யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தால், வேலை வாங்கியவர்கள் அவர்கள்தான். அதை நிரூபிக்கும் சாட்சியங்கள் உங்கள் போனில் இருக்கின்றன. காலை மீட்டிங்குக்கு வரச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி, "எங்க இருக்கே, லொகேஷன் போடு" என்ற மேனேஜரின் குரல் பதிவு, கழுத்தில் மாட்டிய ஐ.டி. கார்டு, கம்பெனி டீஷர்ட்டோடு எடுத்த போட்டோ, ஜி-பேயில் வந்த 500 ரூபாய். வேலையை விட்ட அன்று குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்பி வையுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதுச் சட்டத்தில் நமக்குச் சாதகமாக ஒரு விஷயம் இருக்கிறது. சம்பளம் தரவில்லை, குறைத்துத் தந்தார்கள், அநியாயமாகப் பிடித்தார்கள் என்று மனு போட்டால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. ஆனால் அங்கே வேலை செய்தேன் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். அந்த ஒரு படியில்தான் பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அம்மா பீடி சுற்றுகிறார். 47 நாள் வேலை செய்தான், கைக்கு வந்தது 2,300 ரூபாய். "ஆதாரம் ஏதாவது இருக்காப்பா?" என்று கேட்டேன். பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஓரம் மடங்கிய ஒரு சின்ன நோட்டை எடுத்தான். வியர்வையில் மை ஊறியிருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: "அலமேலுமங்காபுரம், 62 வீடு, 1. தொரப்பாடி, 70 வீடு, 0. பாகாயம், 58 வீடு, 2. மேனேஜர் திட்டினார்." யாரும் எழுதச் சொல்லவில்லை, அவனாகவே எழுதியிருக்கிறான். அந்த நோட்டையும் அதே தேதிகளில் போன லொகேஷன் செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகல் எடுத்தோம். அதற்கு அப்புறம்தான் மனுவை வாங்கிப் படித்தார்கள். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, இடம், வந்த நேரம், திரும்பிய நேரம், எத்தனை விற்றது. அது போதும்.

இரண்டாவது கண்ணி, "கமிஷனோட சேர்த்துத்தான் அந்தச் சம்பளம்" என்ற பேச்சு. புதுச் சட்டம் ஊதியத்துக்கு எழுதியிருக்கும் விளக்கத்தில் கமிஷன் ஊதியமாகச் சேராமல் வெளியே நிற்கிறது. இப்படி வெளியே நிறுத்தப்பட்ட தொகைகளின் கூட்டு, மொத்த வரவில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் ஊதியத்தில் சேரும். அதனால் "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஒன்றுமே விற்காத மாதத்திலும் எவ்வளவு வரும்?" என்று முதல் நாளே கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். "அதெல்லாம் நல்லா ஒர்க் பண்ணா தானா வரும் தம்பி" என்று பதில் வந்தால் அங்கே சம்பளம் என்று ஒன்று கிடையாது. வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

டார்கெட் முடிக்கவில்லை என்று சம்பளத்தைப் பிடிப்பது இன்னொரு அநியாயம். சட்டம் பிடித்தம் செய்ய அனுமதிக்கும் காரணங்களின் பட்டியலில் டார்கெட் கிடையாது. லீவு போட்ட நாளுக்குப் பிடிக்கலாம். ஒப்படைத்த பொருள் உங்கள் கவனக்குறைவால் தொலைந்தால், உங்கள் விளக்கத்தைக் கேட்டுவிட்டுப் பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஸ்டாக் எடுக்கும்போது எத்தனை எடுத்தீர்கள், எத்தனை திருப்பிக் கொடுத்தீர்கள் என்று அன்றன்றே போட்டோ எடுங்கள். கடைசி நாளில் "எட்டு பீஸ் குறையுது" என்று கணக்குச் சொல்வது வழக்கமான வேலை.

எல்லோருக்கும் "அசிஸ்டென்ட் மேனேஜர்" பட்டம் தருவதையும் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்பனை ஊழியர்களைத் தொழிலாளர் என்ற சொல்லுக்குள் சட்டம் சேர்த்திருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களைச் சேர்க்கவில்லை. பட்டம் எதற்கு என்று புரிகிறதா? கார்டில் மேனேஜர் என்று இருந்தாலும், உங்களுக்குக் கீழே ஆளே இல்லை, நீங்களும் பை தூக்கினீர்கள் என்பதை மனுவில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இனி மூன்று பொருட்கள். இவற்றை எந்த நிலையிலும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

அசல் சான்றிதழ்: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமை எந்த விற்பனைக் கம்பெனிக்கும் இல்லை. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், நகல் மட்டும் கொடுங்கள்.

டெபாசிட்: யூனிஃபார்முக்கு, டிரெய்னிங்குக்கு, ஐ.டி. கார்டுக்கு என்று 2,000, 3,500 கேட்பார்கள். வேலை கொடுப்பவன் காசு கேட்டாலே எழுந்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீது, இல்லாவிட்டால் அந்தப் பணப் பரிமாற்றத்தின் ஸ்கிரீன்ஷாட்.

மூன்றாவது, கையெழுத்துப் போட்ட வெற்று செக். இதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. பாண்டு, அதாவது நடுவில் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம், என்று மிரட்டினால் அது பணத் தகராறு, அதற்காகப் போலீஸ் பிடித்துப் போக முடியாது. ஆனால் செக் பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்கு. 20 வயதுப் பிள்ளை கோர்ட் ஏற வேண்டி வரும். புரோ நோட்டிலும், அதாவது கடன் பத்திரத்திலும், கையெழுத்து வேண்டாம்.

ஆள் சேர்த்தால் காசு என்று சொன்னால் அது வேலையே இல்லை. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டத்தைத் தடை செய்கின்றன. 1978-ம் ஆண்டுச் சட்டப்படி பணச் சுழற்சித் திட்டத்தில் ஆள் சேர்ப்பதும் குற்றம், சேர்வதும் குற்றம். நமது மாவட்டத்துக்கு இது புதிதில்லை. 2022-ல் காட்பாடியில் முதலீட்டு மோசடி வெடித்தபோது, பணம் கட்டிய சொந்தக்காரர்கள் முதலில் போய் நின்றது ஏஜெண்டுகளின் வீட்டு வாசலில்தான்.

சரி, சம்பளம் நின்றுவிட்டது. எங்கே போவது? இங்கேதான் அலைக்கழிப்பு ஆரம்பம். போலீஸ் ஸ்டேஷனில் "இது லேபர் மேட்டர், லேபர் ஆபீஸ் போ" என்பார்கள். லேபர் ஆபீஸில் "டெபாசிட் ஏமாத்தினா போலீஸ்தான் பார்க்கணும்" என்பார்கள். இரண்டு நாள் சம்பளம் பஸ்ஸிலேயே போய்விடும். காரணம், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுகிறோம். இரண்டாகப் பிரியுங்கள். சம்பளப் பாக்கியும் பிடித்தமும் தொழிலாளர் துறைக்கு. டெபாசிட், சான்றிதழ், செக் இவை போலீஸுக்கு. ஒரு மனுவில் இன்னொன்றின் பேச்சே வர வேண்டாம்.

போலீஸில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, கேளுங்கள். தர மறுத்தால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆன்லைனில் விளம்பரம் பார்த்துப் பணம் கட்டி ஏமாந்திருந்தால் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நாள் தள்ளினால் பணம் கைமாறிவிடும்.

தொழிலாளர் துறையில், "உங்க ஹெட் ஆபீஸ் பெங்களூர்ல இருக்கு, அங்க போங்க" என்று சொல்லக்கூடும். நீங்கள் வேலை செய்தது இங்கே, தினமும் காலையில் கூடியது இந்த மாடியில். அந்த முகவரியை மனுவின் தலையிலேயே எழுதுங்கள். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-ல் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டதால், ஆற்காட்டிலோ ஆம்பூரிலோ வேலை செய்தவர்கள் எந்த அலுவலகம் என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். பழைய சட்டத்தின் பெயரில் மனு கேட்டால் தகராறு செய்ய வேண்டாம், அப்படியே எழுதிக் கொடுங்கள். பாக்கி பாக்கிதான்.

காலக்கெடு விஷயத்தில் ஏமாறாதீர்கள். புதுச் சட்டம் மூன்று வருடம் தருகிறது. பழைய சட்டத்தில் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஆறு மாதம், சம்பளப் பாக்கிக்கு ஒரு வருடம்தான். எது பொருந்தும் என்று அங்கே உட்கார்ந்து வாதாட உங்களால் முடியாது. ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

எந்த மனுவையும் ஒப்புகை இல்லாமல் கொடுக்காதீர்கள். உங்கள் நகலில் சீல், தேதி, கையெழுத்து. "வெச்சுட்டு போங்க" என்றால் வைக்காதீர்கள். கூடவே திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்வு நாளில் ஒரு நகல் கொடுங்கள். அதுவும் கடைசியில் அதே தொழிலாளர் அலுவலகத்துக்குத்தான் வரும், ஆனால் ஒரு எண்ணோடு வரும். அந்த எண்ணுக்கு அவர்கள் பதில் எழுதியாக வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்கு அழைத்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் கம்பெனி ஆள் நல்லவன் மாதிரி வருவான். "தம்பி, 5,000 வாங்கிக்கோ, இதுல ஒரு சைன் போடு, முடிச்சுக்கலாம்." அந்தத் தாளில் "எனக்கு வர வேண்டியது அனைத்தும் வந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருக்கும். முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் ஏறி, சான்றிதழும் செக்கும் கைக்கு வந்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். குடியாத்தம் பையன் அவசரப்பட்டுப் போட்டுவிட்டான். அம்மாவுக்கு வீட்டு வாடகை கட்ட வேண்டியிருந்தது, அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பணம் 5,000 வந்தது. அவன் கொடுத்திருந்த வெற்று செக் வரவில்லை. அந்த செக் வேலைக்கு ஈடாக வாங்கப்பட்டது, கடனுக்குக் கொடுத்தது அல்ல என்று நம்பரோடு வங்கிக்கும் ஸ்டேஷனுக்கும் எழுதிக் கொடுத்தோம். சீல் போட்ட அந்த இரண்டு நகல்களையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பழைய நோட்டோடு சேர்த்து அவன் அம்மா பீரோவில் வைத்திருக்கிறார்.