சீரியல் கேபிளில் பைட்டுகள் எங்கே தொலைகின்றன?

யூஎஸ்பியும் நெட்வொர்க் கார்டும் இல்லாத இரண்டு பழைய கணினிகளுக்கு இடையே கோப்பு அனுப்ப 9 பின் சீரியல் போர்ட்டும் ஒரு ‘நல் மோடம்’ கேபிளும் போதும். ஒன்று 3ஆம் பின்னில் அனுப்புவதை மற்றது 2ஆம் பின்னில் வாங்க வேண்டும் என்பதால் இந்தக் கேபிளில் 2-ம் 3-ம் குறுக்காக இணைந்திருக்கும். 7-ம் 8-ம் இதே போலக் குறுக்காக. 4ஆம் பின் மறுமுனையின் 6, 1 இரண்டுக்கும் போகும். கிரவுண்டான 5 மட்டும் நேராக. இரண்டு கணினிகளையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள்.

2, 3, 5 மட்டும் உள்ள மூன்று கம்பிக் கேபிளை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கும் கணினி வட்டில் எழுதும் நேரத்தில் நினைவகத்தில் வந்த தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம் (பஃபர்) நிரம்பினால், 7, 8 வழியாகத்தான் ‘நிறுத்து’ என்று சொல்லும். அந்தக் கம்பிகள் இல்லையென்றால் தரவுக் கம்பியிலேயே 17, 19 மதிப்புள்ள பைட்டுகளை அனுப்பித்தான் ஓட்டத்தைத் தொடரவும் நிறுத்தவும் வேண்டும். படத்திலும் ஜிப் கோப்பிலும் இதே பைட்டுகள் இயல்பாகவே வரும். மென்பொருள் அவற்றைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். எழுத்துக் கோப்பு சரியாகப் போய்ச்சேர, ஜிப் மட்டும் பழுதாவது இதனால்தான்.

இரண்டாவது இழப்பு சீரியல் போர்ட்டை இயக்கும் சிப்பிலேயே நடக்கிறது. அதைக் கம்பியால் தடுக்க முடியாது. ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், 8 தரவு பிட், நிறுத்த பிட் என 10 பிட். வினாடிக்கு 115200 பிட் வேகத்தில் வினாடிக்கு 11,520 பைட், அதாவது 87 மைக்ரோ வினாடிக்கு ஒன்று. 8250, 16450 என்ற பழைய சிப்களில் வந்த பைட்டை வைக்க ஒரே இடம்தான். பிராசஸர் அதற்குள் எடுக்காவிட்டால் அடுத்தது வந்து அதை அழித்துவிடும். 16550ஏ சிப்பில் 16 பைட்டுக்கு இடம் உண்டு, அவகாசமும் கிட்டத்தட்ட 1.4 மில்லி வினாடியாகக் கூடும். பழைய சிப் என்றால் வேகத்தை 9600க்கு இறக்குங்கள். முழு 1.44 எம்பி ஃபிளாப்பி அளவு தரவு 115200இல் சுமார் 128 வினாடியில் போகும், 9600இல் 25 நிமிடம் தாண்டும். ஆனால் முழுதாக வந்துசேரும்.

சீரியல் போர்ட் வழியாகத் தரவை அனுப்பி வாங்கும் டெர்மினல் மென்பொருளில் இரு பக்கமும் ஒரே வேகம், 8 தரவு பிட், பாரிட்டி (பிழை சோதிக்கும் பிட்) இல்லை, 1 நிறுத்த பிட், ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் (7, 8 வழியாக ஓட்டத்தை நிறுத்துவது) என்று அமையுங்கள். கோப்பு அனுப்பும் நெறிமுறையாக ஸீமோடத்தைத் தேர்ந்தெடுங்கள்: பிழை வந்த இடத்திலிருந்து மறுபடி அனுப்பும், பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எக்ஸ்மோடம் 128 பைட் கட்டுகளாகவே அனுப்புவதால் கடைசிக் கட்டை நிரப்பிக் கோப்பின் அளவைக் கூட்டிவிடும்.

ஒன்றுமே வரவில்லையா? கேபிளைக் கழற்றி, போர்ட்டின் 2, 3 பின்களை ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். ஃப்ளோ கன்ட்ரோலையும் லோக்கல் எக்கோவையும் (தட்டச்சு செய்வதை மென்பொருளே திரையில் காட்டுவது) அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். எழுத்து திரையில் வந்தால் போர்ட் நன்றாக இருக்கிறது, கோளாறு கேபிளிலோ மறு கணினியிலோ. வராவிட்டால் அந்தக் கம்பியை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரில் 5க்கும் 3க்கும் இடையே பாருங்கள்: சும்மா இருக்கும் போர்ட்டில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால், பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) அந்தப் போர்ட் முடக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.