செங்கோட்டையில் பெட்டி, புனலூரில் நான்

எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் சில மலையாளத்தில் இருக்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் எல்லாம் திருவிதாங்கூர்ப் பக்கத்துக் காகிதம். அவற்றையும் கடைக் கணக்குகளையும் ஸ்கேன் செய்து வீட்டில் ‘ராஸ்ப்பெரி பை’ என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். வாரத்தில் நாலு நாள் ஆரியங்காவு தாண்டிப் புனலூரில் வேலை. அங்கே ஒரு லேப்டாப், கடையில் ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் ஒன்று. மூன்றிலிருந்தும் அதே கோப்புகளை எடுக்க வேண்டும், வேறு யாரும் எடுக்கக் கூடாது.

இதற்கு நான் பயன்படுத்துவது எஸ்எஸ்ஹெச், தூரத்துக் கம்ப்யூட்டரோடு ரகசியமாக இணைந்து வேலை செய்ய உதவும் நிரல். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த தாத்து யுலோனென் எழுதியது. அங்கே வலையில் போய்க்கொண்டிருந்த பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டுத் திரட்டிவிட்டார்கள். தூரத்துக் கம்ப்யூட்டரில் நுழைய அதுவரை புழங்கிய டெல்நெட், பாஸ்வேர்டை அப்படியே திறந்த கடுதாசி மாதிரி அனுப்பும். வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

எஸ்எஸ்ஹெச்சில் நான் இணைந்ததும், லேப்டாப்பும் பெட்டியும் ஆளுக்கொரு ரகசிய எண்ணை அந்த நேரத்துக்கென்று உருவாக்கிக்கொள்கின்றன. அதிலிருந்து கணக்கிட்ட இன்னொரு எண்ணை மட்டும் பரிமாறிக்கொள்கின்றன. நடுவில் கேட்பவனுக்கு அந்த இரண்டும் கிடைத்தாலும் ஒன்றும் ஆகாது. தன் ரகசியமும் எதிராளி அனுப்பியதும் சேர்ந்தால்தான் இருவருக்கும் பொதுவான ரகசியச் சாவி ஒன்று பிறக்கும், அது இரு பக்கமும் ஒன்றாகவே வரும். 1976-இல் டிஃபி, ஹெல்மேன் இருவரும் வெளியிட்ட யோசனை இது. அந்தச் சாவி வலையில் பயணிக்கவே இல்லை என்பதை முதலில் கேட்டபோது எனக்கு நம்ப முடியவில்லை.

சரி, எதிரில் இருப்பது என் பெட்டிதானா? முதல் தடவை இணையும்போது திரையில் ஒரு நீளமான எழுத்துச் சரம் வந்து, தொடரலாமா என்று கேட்கும். அது பெட்டியின் கைரேகை. எல்லோரும் படிக்காமலே ‘யெஸ்’ அடிக்கிறோம், நானும் பல வருஷம் அடித்தேன். பதிவு அலுவலகத்தில் ரேகை பார்க்காமல் பத்திரம் பதிவதற்குச் சமம் அது. வீட்டிலேயே பெட்டியில் பார்த்து எழுதிவைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். அதன்பின் லேப்டாப் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒருநாள் ரேகை மாறினால் கத்திவிடும்.

அப்புறம் நான் யார் என்று நிரூபிக்க வேண்டும். பாஸ்வேர்டு வேண்டாம். எஸ்எஸ்ஹெச்சுக்கு வழக்கமான வாசலான 22-ஆம் போர்ட் திறந்திருந்தால் ‘ரூட்’, ‘அட்மின்’ என்று பெயர் மாற்றி மாற்றித் தட்டிப்பார்க்கும் நிரல்கள் இரவு பகல் ஓய்வதில்லை. பதிலாக, சாவி ஜோடி. வங்கியில் மாதிரிக் கையெழுத்து வாங்கி வைப்பார்களே, அதுபோலப் பொதுச் சாவி பெட்டியில் இருக்கும். அந்தரங்கச் சாவி லேப்டாப்பை விட்டு வெளியே போகாது. ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாகப் பிறக்கும் ஓர் எண்ணோடு சேர்த்து அது கையெழுத்துப் போடும், பெட்டி சரிபார்க்கும். நேற்றுப் போட்டதைத் திருடி இன்று நீட்டினால் செல்லாது. வங்கி மாதிரியைப் பார்த்துக் கையெழுத்தைப் போலி செய்யலாம். இங்கே மாதிரியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

கோப்பு எடுப்பதெல்லாம் இதே குழாய்க்குள் எஸ்எஃப்டிபி பார்த்துக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் போட்டால் வீட்டு ஃபோல்டர் லேப்டாப் ஃபோல்டர் மாதிரியே தெரியும், மழைநாளில் நெட் தள்ளாடும்போது மட்டும் உறைந்து நிற்கும். சில வீட்டு இணைப்புகளில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரி. வெளியிலிருந்து எட்ட முடியாது. அப்படியானவர்கள் வயர்கார்டு என்ற தனிச் சுரங்கப்பாதை மாதிரியான நிரல் மூலம் வாடகை சர்வர் வழியாகச் சுற்றி வரலாம்.

மூன்று கம்ப்யூட்டருக்கும் ஒரே சாவியை நகலெடுத்து வைக்காதீர்கள். போன மழைக்காலத்தில் தென்மலை தாண்டி பஸ்ஸிலேயே லேப்டாப்பை விட்டு இறங்கிவிட்டேன். கடைக் கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்குள் போய், அனுமதிச் சாவிகள் உள்ள கோப்பைத் திறந்தேன். மூன்று வரிகள், ஒவ்வொன்றின் கடைசியிலும் நான் இட்ட பெயர். ‘புனலூர்’ என்று முடிந்த வரியை அழித்தேன். லேப்டாப்பில் இருந்த சாவிக்குக் கடவுச்சொற்றொடர் இருந்தாலும் அந்த வரி போன பிறகுதான் மூச்சு வந்தது. மற்ற இரண்டும் எதுவும் நடக்காததுபோல வேலை செய்துகொண்டிருந்தன.