டூமில் படலை ஏன் மேலே போகிறது?

தரம் 10 படிக்கும் என் மருமகன் கொக்குவிலில் இருக்கும் எங்கள் பழைய நாற்சார் வீட்டை டூம் என்ற கொம்பியூட்டர் கேமுக்கு ஒரு லெவலாகச் செய்துகொண்டிருக்கிறான். முற்றம், திண்ணை, கிணற்றடி, வாசல் கதவான படலை எல்லாம் வந்துவிட்டன. போன ஞாயிறு கேட்டான்: "மாமா, படலை ஏன் மேல போகுது? எங்கட படலை மாதிரிப் பக்கவாட்டில திறக்காதா?"

டூம் 1993 டிசம்பரில் வந்தது. வரைபடம், படங்கள், ஒலி எல்லாவற்றையும் நிரலோடு கலக்காமல் வாட் என்ற தனிக் கோப்பில் வைத்திருந்ததால், அடுத்த வருடமே ரசிகர்கள் லெவல் செய்யும் கருவியை எழுதிவிட்டார்கள். 1997 இல் மூல நிரலும் வெளியானது. சரி, இதெல்லாம் பலருக்கும் தெரியும்.

டூம் லெவல் உண்மையில் நில அளவையாளர் கீறும் காணிப் படம் போலத் தட்டையானது. கோடுகள், கோடுகளுக்குள் அடைபட்ட துண்டுகள், ஒவ்வொரு துண்டுக்கும் தரை உயரம், கூரை உயரம் என்று இரண்டு எண்கள், அவ்வளவுதான். ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை வைக்க முடியாததும் அதனால்தான். இதிலிருந்து எந்தச் சுவர் கிட்ட, எந்தச் சுவர் தூர என்பதை நொடிக்கு 35 தடவை வரை கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் அந்தக் காலத்து 386, 486 கொம்பியூட்டர்களில்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கே.கே.எஸ். வீதியை ஒரு நேர்கோடு என்று வையுங்கள். நான் கிழக்குப் பக்கம் நிற்கிறேன். எந்தத் திசையில் பார்த்தாலும், மேற்கே இருக்கும் ஒரு வீடு கிழக்கே இருக்கும் வேலியை எனக்கு மறைக்கவே முடியாது. அப்படியென்றால் கிழக்குப் பக்கத்தை முதலில் வரை, மேற்கைப் பிறகு பார். கிழக்கை ஒரு ஒழுங்கையால் மறுபடி இரண்டாகப் பிரி, அதையும் பிரி, கோடு குறுக்கே போகும் சுவரைத் துண்டாக்கு. இப்படிப் பிரித்துப் பிரித்துக் கிடைக்கும், கிளை கிளையாகப் பிரியும் அமைப்பை, அதாவது "மரத்தை", லெவல் செய்யும்போதே கணித்துக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். ஆடும்போது ஒவ்வொரு கிளையிலும் "நான் கோட்டுக்கு எந்தப் பக்கம்?" என்ற ஒரே கேள்விதான். திரையின் 320 செங்குத்து வரிசைகளும் சுவரால் நிரம்பியதும் தேடல் நின்றுவிடும், பின்னால் இருக்கும் ஊரைப் பார்க்கவே தேவையில்லை.

ஃபூக்ஸ், கெடெம், நேய்லர் என்ற மூவர் 1980 இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதிய முறை இது. 13 வருடம் கழித்து டூமின் நிரலாளர் ஜோன் கார்மக் அதை எடுத்து வீட்டுக் கொம்பியூட்டரில் ஓடவிட்டார். உடனே என்ன பயன் என்று கேட்டு ஆய்வுப் பணத்தை வெட்டுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இப்போது படலைக்கு வருவோம். மரம் முன்கூட்டியே கணித்தது, ஆகவே கோடுகள் இடம் மாறக்கூடாது. பக்கவாட்டில் சுழலும் படலை கோட்டை நகர்த்திவிடும், மரம் பொய்யாகிவிடும். உயரம் மட்டும் மரத்தில் இல்லை, அதை எப்படியும் மாற்றலாம். டூமின் கதவு என்பது கூரை தரைவரை இறங்கிய ஒரு சின்னத் துண்டு; திறப்பது என்றால் அந்தக் கூரை எழும்புவதுதான். (1995 இல் வந்த ஹெக்ஸன் என்ற கேம் சுழலும் கதவுக்குத் தனியாக ஒரு வழி கண்டது.)

அவனுக்கு இதைக் காகிதத்தில் கீறிக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கூரையை விட்டுவிட்டு, படலைத் துண்டின் தரையை 32 அலகு உயர்த்தினான். டூமில் ஆள் ஏறக்கூடிய படி 24 அலகு, கண் மட்டம் 41. ஆகவே ஏறிப் போக முடியாது, ஆனால் மேலால் எட்டி முற்றத்தைப் பார்க்கலாம், எங்கள் வீட்டுப் படலை மாதிரியே. விசையைத் தட்டினால் அது மண்ணுக்குள் இறங்குகிறது.