ஆதிவாசித்தனம் என்ற சொல் வேண்டாம்

போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புத்தகக் கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். தீவில் அகப்பட்டுக்கொண்ட சிறுவர்களைப் பற்றிய ஆங்கில நாவல்கள்தான் பேச்சு. முக்கியமாக வில்லியம் கோல்டிங்கின் ‘லோர்ட் ஒஃப் த ஃபிளைஸ்’: தீவில் ஒதுங்கிய சிறுவர்கள் தங்களுக்குள்ளேயே கொலை செய்யும் அளவுக்குப் போகும் கதை. பேசியவர் நன்றாகப் படித்து வந்திருந்தார். ஆனால் ‘சிவிலைசேஷன்’ வந்த இடமெல்லாம் நாகரிகம், கொடூரத்தைக் குறிக்கும் ‘சாவேஜரி’ வந்த இடமெல்லாம் ஆதிவாசித்தனம் என்றே சொல்லிக்கொண்டு போனார். நான் இந்தச் சொல்லைக் கேட்பது முதல் தடவையல்ல. என் அக்காவின் மகள் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். அவளுக்கு வகுப்பில் கொடுத்த ரியூட் என்னும் பாடக்குறிப்பிலும் ஓரத்தில் பென்சிலால் அதே கருத்து: ‘சிறுவர்கள் மெல்ல மெல்ல ஆதிவாசிகளாக மாறுகிறார்கள்.’ “மாமா, தம்பானையில் இருக்கிறவர்களைப் போலவா?” என்று கேட்டாள். தம்பானை வேடர்களின் ஊர். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் வேர். ‘சாவேஜ்’ என்பது இலத்தீனில் காட்டைக் குறிக்கும் ‘சில்வா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது; காட்டுக்குரியவன் என்பதே பொருள். ‘சிவிலைசேஷன்’ நகரக் குடிமகனைக் குறிக்கும் ‘சிவிஸ்’ என்பதிலிருந்து வந்தது. நம்முடைய நாகரிகமும் நகர் என்ற வேரில் நிற்கிறது. அது தமிழ் நகரா, வடமொழி நகரமா என்பதில் மொழியறிஞர் பாவாணர் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம்; அது இங்கே வேண்டாம். ஆக, இங்கும் அங்கும் நகரத்தில் இருந்தவர்கள்தான் சொல்லைச் செய்திருக்கிறார்கள். தங்களை உயர்த்தியும் காட்டைத் தாழ்த்தியும் செய்திருக்கிறார்கள்.

இனி ஆதிவாசித்தனம். ஆதிவாசி என்றால் முதலில் வாழ்ந்தவர். அவ்வளவுதான். இலங்கையில் அது வேடரை மரியாதையாகக் குறிக்க வழங்கும் பெயர். அதோடு ‘தனம்’ சேர்த்தால் வசையாகிவிடுகிறது. உயிரோடு இருக்கும் ஒரு சனத்தின் பெயரைக் கொலைவெறிக்குப் பெயராக வைக்கிறோம். வாகரையிலும் மூதூர்ப் பக்கத்திலும் இருக்கும் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களுடைய பிள்ளை ஒன்று இந்த ரியூட்டை வாசித்தால் என்ன நினைக்கும்?

நாம்தான் ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே’ என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள். முன்தோன்றிய மூத்த குடி என்பது நமக்குப் பெருமை, வேடருக்கு மட்டும் இழிவா? வள்ளுவர் குடிமை அதிகாரத்தில் ‘பழங்குடி’ என்ற சொல்லை வைத்திருக்கிறார் (குறள் 955). கொடுக்கும் பொருள் சுருங்கினாலும் பண்பில் குறையாத குடி என்று புகழ்ந்து வைத்திருக்கிறார். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போய் வேடர் மகள் வள்ளியைக் கும்பிடுகிறோம். தன் கண்ணையே பிடுங்கி அப்பிய கண்ணப்பர் வேடர். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, ஒரு சிறுவன் இன்னொருவனைக் கல்லுருட்டிக் கொல்வதற்கு ஆதிவாசித்தனம் என்று பெயரிட எப்படி மனம் வருகிறது?

1660இல் மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தவர் ஆங்கிலக் கடலோடி ரொபட் நொக்ஸ். வேடரைப் பற்றி அவர் எழுதிய இடம் ஒன்று மறக்க முடியாதது. அம்பு தேவைப்பட்டால் அவர்கள் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்கள்; வேண்டிய அம்பின் வடிவில் ஓர் இலையை வெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். கொல்லன் செய்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் இருட்டில் அம்பு வரும் என்றும் நொக்ஸ் எழுதியிருக்கிறார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. முகம் பார்க்காமலே நடக்கும் கொடுக்கல் வாங்கல். அந்தத் தீவுச் சிறுவர்களிடம் இல்லாமல் போனது இந்த ஒழுங்குதானே? தீவில் தனியே ஒதுங்கியவன் கதையான ரொபின்சன் குருசோவை எழுதிய டிஃபோ, அடுத்த ஆண்டே, 1720இல், வேறொரு நாவலில் நொக்ஸின் கதையைச் சேர்த்திருக்கிறார். தனித்துவிடப்பட்டவர் கதைக்கும் நமது கரைக்கும் அப்படி ஒரு பழைய தொடுப்பு உண்டு.

நாவலும் இந்த மொழிபெயர்ப்புக்கு இடம் கொடுக்கவில்லை. 1954இல் வந்த கோல்டிங்கின் நாவலில் இருப்பவர்கள் ஆங்கிலப் பள்ளிச் சிறுவர்கள். அவர்களில் ஒரு கூட்டம் பாடகர் குழு. வெளியே அணுகுண்டுப் போர். நாங்கள் காட்டுமிராண்டிகள் அல்ல, ஆங்கிலேயர் என்ற பொருளில் தொடக்கத்தில் பேசுகிறவன் ஜாக். பிறகு முகத்தில் சாயம் பூசி வேட்டைக்கூட்டத்துக்குத் தலைவனாவதும் அவனேதான். அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன் பாலன்டைன் எழுதிய பவளத்தீவுக் கதையில் கொடுமை வெளியிலிருந்து வரும். அதைச் செய்பவர்கள் தீவுவாசிகளும் கடற்கொள்ளையரும். ஆங்கிலப் பையன்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள். கோல்டிங் அதைத்தான் புரட்டிப் போட்டார். கொடுமையை ஆதிவாசியின் தலையில் கட்டும் தமிழ்ச்சொல் அவரைத் திரும்பவும் பாலன்டைனிடம் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

உண்மையிலும் ஒன்று நடந்தது. 1965இல் பசிபிக் தீவு நாடான தொங்காவின் ஆறு பள்ளிப் பையன்கள் படகெடுத்துப் போய் அட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். 15 மாதங்கள். அடுப்பை அணையவிடவில்லை, தோட்டம் போட்டார்கள், ஒருவனுக்குக் கால் முறிந்தபோது கட்டுப்போட்டுப் பார்த்தார்கள். 1966 செப்டெம்பரில் ஓர் ஆஸ்திரேலியக் கப்டன் கண்டெடுத்தபோது ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். காடுதான் மனிதனைக் கெடுக்கும் என்றால் இவர்களும் கெட்டிருக்க வேண்டும்.

சரி, காட்டுமிராண்டித்தனம்? அது ஒரு சனத்தின் பெயரில்லை, ஆகவே அவ்வளவு புண்படுத்தாது. ஆனால் அதிலும் பழி காட்டுக்குத்தான். ஜாக் பேசும்போது அதையே போடலாம், அது அவனுடைய அகங்காரம். விமர்சகர் தன் வாயால் சொல்லும்போது கூடாது. மிருகத்தனம் அதைவிடப் பிழை. நாவலின் சிறுவர்களைப் போல, பன்றியின் தலையை வெட்டி, இரு முனையும் கூராக்கிய தடியில் குத்தி நிறுத்தி வைக்கும் மிருகம் எது?

எனக்குப் பிடித்த சொல் வன்கண்மை, அதாவது கண்ணில் இரக்கமில்லாமை. அதைச் சொல்லக் காரணமும் குறள்தான். நாகரிகம் என்ற சொல் குறளில் வருமிடம் கண்ணோட்டம் அதிகாரத்தின் கடைசிக் குறள்:

பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க
நாகரிகம் வேண்டு பவர்.

நண்பர் கண்முன்னே நஞ்சை ஊற்றினாலும் மறுக்காமல் குடித்து அமைகிறவர். நற்றிணை 355ஆம் பாட்டும் இதையே சொல்லி, அப்படிப்பட்டவரை ‘நனி நாகரிகர்’ என்கிறது. இதில் நகரமும் இல்லை, காடும் இல்லை. மற்றவர் மேல் ஓடும் கண், கண்ணில் இரக்கம், அவ்வளவுதான். அப்படியானால் அதன் எதிர்ச்சொல் வன்கண்மைதானே. அந்த நாவலுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள்: முகச்சாயத்துக்குப் பின்னால் கண் ஒளிந்துகொள்கிறது, பிக்கி என்ற சிறுவனின் மூக்குக்கண்ணாடி முதலில் உடைகிறது, பிறகு களவு போகிறது.

வன்கண் என்பதை வள்ளுவரே அமைச்சனின் மன உறுதிக்கும் சொல்லியிருக்கிறார் (632) என்று ஒரு நண்பர் மறுத்தார். உண்மைதான். ஆனால் 228இல் ஈயாமல் வைத்திழக்கும் வன்கணவர் இரக்கமற்றவர்களே. எந்தப் பொருள் என்பது இடத்தைப் பார்த்தாலே தெரியும். பிள்ளைகளுக்குப் புரியாது என்பார்கள். ஆதிவாசித்தனம் அவர்களுக்குத் தவறாகப் புரிகிறதே, அது பரவாயில்லையா? நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் ஒரு சொல்லைப் பிடித்தால் அதையே எல்லா இடத்திலும் ஆணியாக அடிக்கிறார்கள். யார் பேசுகிறார், யாரைப் பற்றி என்று பார்ப்பதில்லை.

ரியூட்டில் இருந்த ஆதிவாசியை அக்காவின் மகள் அழிறப்பரால் அழித்து ‘வன்கண்மை உடையவர்களாக’ என்று எழுதினாள். கடைசிப் பக்கத்தில், சிறுவர்களை மீட்க வரும் கடற்படை அதிகாரிக்கு ‘நாகரிக உலகின் பிரதிநிதி’ என்று போட்டிருந்தது. “இவர் வந்தது போர்க்கப்பலில், இடுப்பில் ரிவோல்வரும் இருக்கு. இதையும் அழிக்கட்டா மாமா?” என்றாள். அழி என்றேன்.