மூப்புத் தலைவர்: ஒரு ஜெர்மன் சொல்

ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கிளாரா செட்கின் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒரு சொல் வழிமறிக்கும்: அல்டர்ஸ்பிரெசிடென்ட்.

'அல்டர்' என்றால் வயது. 'பிரெசிடென்ட்' லத்தீன் வழி வந்தது. முன்னே அமர்பவர் என்று பொருள். நடுவில் வரும் 'ஸ்' நம் சாரியை மாதிரி, ஒட்டுவதற்கு மட்டும். தேர்தல் முடிந்து நாடாளுமன்றம் முதன்முறை கூடும்போது அவைத்தலைவர் இருக்கமாட்டார். அவரைத் தேர்ந்தெடுக்கும்வரை கூட்டத்தை நடத்த ஆள் வேண்டுமே? உறுப்பினர்களில் வயதில் மூத்தவர் அந்த நாற்காலியில் உட்காருவது ஜெர்மனியில் அன்றைய வழக்கம். எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை.

1932 ஆகஸ்ட் 30 அன்று பெர்லினில் அந்த மூத்தவர் 75 வயது செட்கின். 1910இல் கோபன்ஹேகனில் மகளிர் தினத்தை முன்மொழிந்தவர். 1920 முதல் நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் உறுப்பினர். இதற்காகவே மாஸ்கோவிலிருந்து வந்திருந்தார். கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. கைத்தாங்கலாக மேடையேற்றினார்கள். அவையின் 608 பேரில் 230 பேர் நாஜிகள். அவர்கள் முன்னாலேயே, பாசிசத்தைத் தடுக்க உழைப்பாளர்கள் ஒன்றுசேர வேண்டும் என்றார். சோவியத் ஜெர்மனியின் முதல் அவையையும் இதே பொறுப்பில் தொடங்கிவைக்க ஆசை என்று முடித்தார். அன்றே அவைத்தலைவராகத் தேர்வானவர் நாஜிக் கட்சியின் கோரிங். மறுதேர்தலுக்குப் பின் டிசம்பரில் கூடிய அவையைத் தொடங்கிவைத்தவரோ 82 வயது நாஜி ஜெனரல் லிட்ஸ்மன். 1933 ஜூனில் மாஸ்கோ அருகே செட்கின் இறந்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் நாளிதழ்களின் 'தற்காலிக சபாநாயகர்' வேலையைச் சொல்கிறது. ஏன் இவர் என்பதைச் சொல்லவில்லை. 'மூத்த தலைவர்' என்று போட்டால், கட்சியின் மூத்த தலைவர் என்றே படிப்பார்கள். 'அகவைத் தலைவர்' அழகுதான். ஆனால் 2017இல் ஜெர்மானியர்கள் விதியை மாற்றிவிட்டார்கள்: இப்போது வயதுக்குப் பதில், உறுப்பினராக இருந்த ஆண்டுகளே கணக்கு. 2025 மார்ச்சில் இடதுசாரிக் கட்சியின் கிரகோர் கீசி அப்படித்தான் அந்த நாற்காலிக்கு வந்தார். அவரைவிட வயதானவர் அவையில் இருந்தார். பழைய சொல் மட்டும் அப்படியே நிற்கிறது.

எனக்கு 'மூப்புத் தலைவர்' பிடித்திருக்கிறது. மூப்பு என்றால் முதுமை. பணிமூப்பிலும் வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பதிவுமூப்பிலும் அதே சொல்தான் இருக்கிறது. பழைய விதி, புதிய விதி இரண்டுக்கும் பொருந்தும்.

ஜெர்மனில் செட்கினுக்கு 'இன்' விகுதி சேர்த்து அல்டர்ஸ்பிரெசிடென்டின் என்பார்கள். நமக்கு அந்த வேலையும் மிச்சம். தலைவர் என்றால் இருபாலுக்கும் ஆயிற்று.