சொல் விளக்கம்: காலனி

காலனி (பெயர்ச்சொல்). தமிழில்: குடியிருப்பு. ஆட்சிப் பொருளில் குடியேற்ற நாடு. எழுத்து றன்னகரம்தான், அதாவது 'ன'. 'காலணி' என்று எழுதினால் அது செருப்பு.

வேர் இலத்தீன். 'கோலெரெ' என்றால் உழுதல், 'கோலோனுஸ்' உழவர், 'கோலோனியா' அவர்கள் குடியேறிய ஊர். வென்ற நிலத்தில் ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியமர்த்திய ஊர்களையும் ரோமர்கள் அப்படியே அழைத்தார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் பெயர் வந்தது இதிலிருந்துதான். பிற்பாடு ஐரோப்பியர் கடல் கடந்து பிடித்த நாடுகளெல்லாம் காலனிகள் ஆயின.

ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தபோது ஒரே அச்சில் வரிசையாகக் கட்டிய வீடுகளைக் குறித்தது: ரயில்வே காலனி, ஆசிரியர் காலனி. கிராமத்தில் மட்டும் வேறு பொருள் ஏறியது. தருமபுரிப் பக்கம் சிற்றூர்களுக்குக் 'கொட்டாய்' என்று முடியும் பெயர்கள் நிறைய உண்டு, கொட்டகையின் மருவல். அதே அளவுள்ள ஊர், ஆதிதிராவிடர்களுக்கு மனைப்பட்டாவும் தொகுப்பு வீடும் கொடுத்த இடமென்றால் 'காலனி' ஆகிவிடும். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாயை அடுத்த நத்தம் காலனியில் வீடுகள் எரிக்கப்பட்டபோது, அவை யாருடைய வீடுகள் என்பதை ஊர்ப்பெயரே சொல்லிவிட்டது. இச்சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல முடிவு.

'குடியிருப்பு' பொருத்தமான சொல். குடி என்பது குடும்பம், வீடு, ஊர், குடிமக்கள் எல்லாம்தான். வள்ளுவர் 'குடிமை' என்றே ஓர் அதிகாரம் வைத்தார். ஓசூரின் ஹட்கோ என்ற நகர வீட்டுமனைப் பகுதிக்கும் சிற்றூரின் தொகுப்பு வீடுகளுக்கும் இந்த ஒரே சொல் போதும். வாசிப்பவருக்குச் சாதி தெரியாது.

பெயர் போகட்டும். வீடுகளையும் தடமில்லாமல் இடித்துவிடக் கூடாது என்பதே என் கவலை. அரசுக் குடியிருப்பும் மரபுக் கட்டடம்தான். பெர்லினின் ஆறு குடியிருப்புகளை யுனெஸ்கோ 2008-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 1913-க்கும் 1934-க்கும் இடையில் கட்டியவை, வாடகைக்காரர்கள் வாழ்ந்துகொண்டிருப்பவை. சிங்கப்பூர், தியோங் பாருவின் 1930-களின் அடுக்கு வீடுகளை 2003-இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. நம் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமோ தொல்சின்னத்துக்கு 100 வயது கேட்கிறது. பெர்லின் வீடுகளுக்கே 2008-இல் அந்த வயது ஆகியிருக்கவில்லை.

ஒழுகும் கூரையின் கீழ் யாரும் வாழ வேண்டியதில்லை. புது வீடு கட்டாயம் வேண்டும். ஆனால் இடிக்குமுன் ஒவ்வொரு தொகுப்பு வீட்டையும் அளந்து, வரைந்து, படமெடுத்து வைக்க வேண்டும். ஒற்றை அறைக்குப் பின்னால் தகரம் போட்டு இறக்கிய சாய்ப்பு, பெண்கள் தாங்களே கட்டிக்கொண்ட சமையலறை, முதன்முதலாகச் சொந்தப் பெயரில் வந்த பட்டாவின் நகல் எல்லாம் அந்தப் பதிவில் இருக்க வேண்டும். அங்கே வாழ்ந்தவர்கள் சம்மதித்தால் வரிசைக்கு ஒரு வீட்டையாவது பழுதுபார்த்து நிறுத்தலாம். அது என்ன பெயரில் நிற்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.