கம்பெனி பொழைச்சுது, ஷேர் பொழைக்கல

போன வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தம்பி போன் பண்ணார். மிச்சிகன்ல டிராய் ஊர்ல வீடு, மனைவி, ரெண்டு குழந்தைங்க, இங்கயே ஒரு கார் கம்பெனியில பதினோரு வருஷமா வேலை. ஏதோ டேக்ஸ் சந்தேகம்னுதான் பேச்சு ஆரம்பிச்சுது, சரி ஸ்டேட்மெண்ட்டை அனுப்புங்கன்னு வாங்கிப் பாத்தா எனக்கு அன்னிக்கு தூக்கமே வரல. 401கே, அதாவது கம்பெனி மூலமா சேக்கற ரிட்டையர்மெண்ட் பணத்துல பாதிக்கு மேல அவர் வேலை செய்ற கம்பெனியோட ஷேர். சம்பளத்தோட கம்பெனி கொடுக்கற ஷேரான ஆர்எஸ்யு வந்ததுல ஒண்ணைக்கூட விக்கல, அது போக ஊழியருக்கு தள்ளுபடில விக்கற இஎஸ்பிபி ஷேர் வேற. ஏன் தம்பி இப்படி வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். "சார், இவ்ளோ பெரிய கம்பெனிய கவர்மெண்ட் விட்டுடுமா? 2009லயே கார் கம்பெனிங்களை காப்பாத்துனாங்கல்ல"ன்னார்.

இதே பதிலை இந்த வருஷம் எங்கிட்ட சொன்ன ஆறாவது ஆளு இவர். அதனாலதான் எழுத உக்காந்துட்டேன்.

நான் மிச்சிகன்ல இருபது வருஷத்துக்கு மேல டேக்ஸ், ரிட்டையர்மெண்ட் கணக்கு பாக்குறவன். அந்த 2009ல என் மேசைக்கு எதிர்ல உக்காந்து பேப்பரை நீட்டிட்டு பேச முடியாம அழுதவங்க முகமெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கு. "2009ல காப்பாத்துனாங்க"ன்னு சொல்றவங்ககிட்ட எனக்கு ஒரே ஒரு கேள்விதான். யாரை காப்பாத்துனாங்க?

ஜெனரல் மோட்டார்ஸ் 2009 ஜூன் 1ஆம் தேதி திவால் மனு போட்டுச்சு. சொத்து 82 பில்லியன் டாலர், கடன் 172 பில்லியனுக்கும் மேல. அந்த நிலைமைக்கு எப்படி வந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும், பெட்ரோல் விலை, பெரிய ட்ரக்கையே நம்பி இருந்தது, ரிட்டையர் ஆனவங்க மெடிக்கல் செலவு, பேங்க் எல்லாம் கையை விரிச்சது, அதுக்குள்ள நான் போகல. நாப்பதே நாள்ல, ஜூலை 10ஆம் தேதி, புது ஜெனரல் மோட்டார்ஸ் வெளிய வந்துச்சு. அதே பேரு, அதே டெட்ராய்ட் கட்டடம், அதே லோகோ. இதைப் பாத்துதான் ஜனங்க கம்பெனி பொழைச்சுருச்சு, அப்போ ஷேரும் பொழைச்சிருக்கும்னு நெனச்சுக்கறாங்க. இங்கதான் தப்பு பண்றீங்க, தயவுசெஞ்சு நிதானமா படிங்க.

ஊர்ல ஒரு பெரிய ஜவுளிக்கடைன்னு வெச்சுக்கோங்க. நீங்க அதுல ஒரு பங்காளி. கடை கடன்ல முழுகிப் போச்சு. வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வந்து, கடையோட பேரு, நல்ல சரக்கு, தையல் மெஷினு, வேலைக்காரங்க எல்லாத்தையும் கோர்ட் மூலமா விலைக்கு வாங்கி அதே தெருவுல அதே போர்டோட கடையை நடத்துறார். கஸ்டமருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வேலைக்காரங்களுக்கு சம்பளம் வருது. ஆனா உங்க பங்கு எதுல இருக்கு? வாடகை பாக்கியும், செல்லரிச்ச பீரோவும், கடன்காரங்க போட்ட கேஸும் மிச்சம் இருக்கிற அந்த பூட்டின பழைய கடையில இருக்கு. புதுக்கடைக்கு நீங்க யாரோ.

ஜெனரல் மோட்டார்ஸ்ல நடந்தது இதேதான். நல்லதெல்லாம் புது கம்பெனிக்கு போச்சு. பழைய கம்பெனிக்கு மோட்டார்ஸ் லிக்விடேஷன் கம்பெனின்னு பேரை மாத்தி, மூடின ஃபேக்டரிங்க, மாசுபட்ட நிலம், கேஸுங்க எல்லாத்தையும் அது தலையில வெச்சாங்க. உங்க ஷேரும் அதோடயே போச்சு. புது கம்பெனியோட பங்கை எப்படி பிரிச்சாங்கன்னு பாருங்க: அமெரிக்க அரசாங்கத்துக்கு 60.8 சதவீதம், யூஏடபிள்யூங்கற கார் தொழிலாளிங்க யூனியனோட மெடிக்கல் டிரஸ்ட்டுக்கு 17.5, கனடா அரசாங்கங்களுக்கு 11.7, பழைய கம்பெனியோட கடன் பத்திரக்காரங்களுக்கு 10. கூட்டிப் பாருங்க, சரியா நூறு வரும். பழைய ஷேர்ஹோல்டர் எங்க இருக்கார் இதுல? பத்திரம் வாங்கினவங்களுக்கே 27 பில்லியன் டாலருக்கு பதிலா இந்த பத்து சதவீதமும் பின்னாடி ஷேர் வாங்கிக்கற உரிமையான வாரண்ட் கொஞ்சமும்தான், அவங்கள்லயும் வட்டியை நம்பி இருந்த வயசானவங்க எத்தனையோ பேர். கடன் கொடுத்தவனுக்கு அப்புறம்தான் பங்காளி, அவ்வளவு தூரம் வரிசை வரவே இல்ல.

இன்னொரு கொடுமையும் நடந்துச்சு. திவால் மனு போட்டதுக்கப்புறமும் பழைய ஷேர் ஒரு டாலருக்கும் கீழ வித்துக்கிட்டு இருந்துச்சு, அதைப் போய் வாங்கினாங்க ஜனங்க, அதுவும் லட்சக்கணக்கான ஷேர், கவர்மெண்ட் வந்தாச்சு இனிமே ஏறும்னு. இதுக்கு ஒரு மதிப்பும் மிஞ்சாதுன்னு கம்பெனியே வெளிப்படையா சொல்லியும் கேக்கல. கடைசில கட்டுப்பாட்டு அமைப்பு ஜூலைல வியாபாரத்தை நிறுத்தி, இது பழைய கம்பெனின்னு புரியட்டும்னு மார்க்கெட்ல அதோட குறியீடான சிம்பலையே மாத்த வேண்டியதாச்சு. 2011ல அந்த ஷேர் எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டாங்க. 2010 நவம்பர்ல புது கம்பெனி 33 டாலருக்கு மார்க்கெட்டுக்கு வந்தப்ப, "எங்கிட்ட பழசு இருக்கே, மாத்திக் குடுப்பாங்களா"ன்னு என்னைக் கேட்டவங்க உண்டு. அவங்களுக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு வாயே வரல.

சரி, காப்பாத்துன அரசாங்கமாவது லாபம் பாத்துச்சா? 49.5 பில்லியன் டாலர் போட்டு, 2013 டிசம்பர்ல கடைசி ஷேரையும் வித்து வெளிய வந்தப்ப பத்து பில்லியனுக்கு மேல நஷ்டம். அவங்க நோக்கம் ஷேர் லாபமே இல்ல. ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் ஒரே நேரத்துல விழுந்தா பின்னாடியே நூத்துக்கணக்கான பாகம் செய்ற கம்பெனிங்க விழும், அப்புறம் விழாத கம்பெனிக்கும் பாகம் கிடைக்காதுன்னு பயந்துதான் பணம் போட்டாங்க. அது சரியான முடிவுன்னுதான் நான் இன்னிக்கும் நம்புறேன். அந்த வருஷம் மிச்சிகன்ல வேலையில்லாதவங்க 14 சதவீதத்துக்கு மேல, அதோட விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே பயமா இருக்கு. ஆனா ஃபேக்டரிய காப்பாத்துறது வேற, உங்க முதலீட்டை காப்பாத்துறது வேற.

இப்போ ஒரு விஷயம், ஒவ்வொரு பர்த்டே பார்ட்டியிலயும் யாராவது ஒருத்தர் எடுத்து விடுவாங்க, "2009ல ரெண்டு டாலருக்கு வாங்கினவன் இன்னிக்கு எங்க இருக்கான் தெரியுமா"ன்னு. தெரியும். அது ஃபோர்டு. ஃபோர்டு திவாலும் ஆகல, டார்ப்ங்கற அந்த அரசாங்க பெய்ல்அவுட், அதாவது மீட்புப் பணத்தை வாங்கவும் இல்ல. 2006லயே ஆலன் முலாலி தலைவரா வந்து, ஃபேக்டரியில ஆரம்பிச்சு அந்த நீல ஓவல் லோகோ வரைக்கும் அடமானம் வெச்சு 23.6 பில்லியன் டாலர் கடன் ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தாரு, பேங்க் எல்லாம் கதவை மூடுறதுக்கு முன்னாடியே. ஷேர் ஒரு டாலர் வரைக்கும் விழுந்து எந்திரிச்சுது. பெய்ல்அவுட் வேண்டாம்னு நின்ன கம்பெனியோட ஷேர்தான் பொழைச்சுது, நீங்க அந்தக் கதையை எடுத்து பெய்ல்அவுட் கணக்குல எழுதுறீங்க. எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற இடம் இதுதான்.

வயசுல பெரியவங்க கிறைஸ்லரை சொல்வாங்க. ஒத்துக்கறேன், 1980 ஜனவரியில ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்து போட்டது 1.5 பில்லியன் டாலர் கடனுக்கு ஜாமீன், கிறைஸ்லர் தலைவர் ஐயக்கோக்கா அந்தக் கடனை 1983லயே அடைச்சாரு, ஷேரும் தப்பிச்சுது. அதே கிறைஸ்லர் 2009 ஏப்ரல் 30ஆம் தேதி திவாலானப்ப, சொத்தை ஈடா வாங்கிட்டு கடன் கொடுத்தவங்களுக்கே டாலருக்கு 29 சென்ட்தான் வந்துச்சு. எந்த தடவை எது நடக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதோட, காப்பாத்தியே ஆகணும்னு எந்த சட்டமும் இல்ல. 2008 நவம்பர்ல மூணு கம்பெனி தலைவருங்களும் தனி விமானத்துல வாஷிங்டன் போய் உதவி கேட்டு திட்டு வாங்கிட்டு வந்தது ஊருக்கே தெரியும். டிசம்பர் 11ஆம் தேதி செனட்ல மசோதா தோத்துப் போச்சு. வருஷக் கடைசிக்குள்ள கையில காசு தீந்துடும்னு ஜெனரல் மோட்டார்ஸே சொல்லிக்கிட்டு இருந்த நேரம் அது. பேங்குக்குன்னு ஒதுக்கின பணத்துலேர்ந்து 17.4 பில்லியன் டாலரை புஷ் டிசம்பர் 19ஆம் தேதி எடுத்துக் கொடுத்தாரு, அதனால தப்பிச்சாங்க. நடுவுல அந்த எட்டு நாள் இங்க யாரும் சரியா சாப்பிடல, தூங்கல. மூணு மாசம் முன்னாடிதான் லீமன் பிரதர்ஸ்ங்கற பெரிய பேங்கை அப்படியே விட்டிருந்தாங்கங்கறதையும் மறக்காதீங்க.

பென்ஷன் இருக்கு, எனக்கு கவலை இல்லன்னு சொல்றவங்க டெல்ஃபை கதையைப் படிக்கணும். ஜெனரல் மோட்டார்ஸ்லேர்ந்து பிரிஞ்ச பாகங்கள் கம்பெனி அது. 2009ல பென்ஷன் திட்டத்தை பிபிஜிசிங்கற அரசாங்க இன்சூரன்ஸ் தலையில கட்டிட்டாங்க. யூனியன் தொழிலாளிங்க பலருக்கு குறைஞ்ச தொகையை ஜெனரல் மோட்டார்ஸ் ஈடு கட்டுச்சு. சம்பளக்காரங்க, அதாவது இன்ஜினியரு, மேனேஜரு, ஆபீஸ் ஆளுங்க சுமார் 20,000 பேருக்கு ஈடு இல்ல. சிலருக்கு பென்ஷன்ல 70 சதவீதம் வரைக்கும் போச்சு, மெடிக்கலும் லைஃப் இன்சூரன்ஸும் சேந்து போச்சு. பத்து வருஷத்துக்கு மேல கேஸ் நடத்துனாங்க, 2022 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் விசாரிக்கவே மாட்டேன்னுடுச்சு. நம்ம ஆளுங்க இங்க பெரும்பாலும் எந்தப் பக்கம்? சம்பளக்காரங்க பக்கம்தான்.

விசாவுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு. 2009 பிப்ரவரி சட்டத்துல, டார்ப் பணம் வாங்கின கம்பெனிங்க புதுசா எச்1பி வேலை விசா ஆளை எடுக்கணும்னா முதல்ல அமெரிக்கர்களை தேடிப் பாத்திருக்கணும், யாரையும் வேலையை விட்டு அனுப்பிட்டு அந்த இடத்துல வெச்சிருக்கக் கூடாதுன்னு ரெண்டு வருஷத்துக்கு கட்டுப்பாடு வந்துச்சு. இப்போ வேலை போச்சுன்னா பொதுவா உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அந்த 60 நாளும் வீட்டு லோன், கார் லோன், ஸ்கூல் எல்லாம் எதை வெச்சு ஓட்டுவீங்க? விழுந்துக்கிட்டு இருக்கிற கம்பெனி ஷேரை வித்தா?

இதை நான் அந்த தம்பிகிட்டயும் சொன்னேன். உங்க சம்பளம் அந்த கம்பெனியில. சேமிப்பு அந்த கம்பெனியில. வீடு இருக்கற ஊரும் அந்த கம்பெனியை நம்பி நிக்குற ஊரு, கம்பெனி படுத்தா வீட்டு விலையும் படுத்துடும், 2009ல கடனை விட வீட்டு விலை கம்மியாப் போய் சாவியை பேங்க்கிட்ட குடுத்துட்டு போனவங்கள நான் பாத்திருக்கேன். விதைநெல்லையும் ஒரே வயல்ல கொட்டிட்டு ஏரி உடையாதுன்னு நம்பி உக்காந்திருக்கீங்க.

இனி என்ன பண்ணணும்னு சொல்றேன். 401கேவுக்குள்ள கம்பெனி ஷேரை வித்து வேற ஃபண்டுக்கு மாத்தினா ஒரு பைசா டேக்ஸ் கிடையாது. ஒரு பைசா கிடையாது, மறுபடி சொல்றேன், ஏன்னா நாலு பேர்ல மூணு பேர் டேக்ஸ் வரும்னு பயந்தே தொடாம வெச்சிருக்காங்க. மார்க்கெட்ல இருக்கற கம்பெனின்னா, நீங்க போட்ட பணத்துல வாங்கின ஷேரை எப்ப வேணா மாத்தலாம், கம்பெனி போட்டதை மூணு வருஷ சர்வீஸுக்கு அப்புறம் மாத்தலாம், 2006ல போட்ட சட்டமே அப்படித்தான். ஆர்எஸ்யு கைக்கு வந்த அன்னிக்கே அது சம்பளமா உங்க டபிள்யூ2, அதாவது வருஷ சம்பளக் கணக்குல ஏறிடுச்சு, அன்னிக்கே வித்தா கூடுதல் டேக்ஸ் ஏறக்குறைய எதுவும் இருக்காது, "ஒரு வருஷம் வெச்சா டேக்ஸ் மிச்சம்"ங்கறது அதுக்கப்புறம் ஏறின தொகைக்கு மட்டும்தான். உங்களையே கேட்டுப் பாருங்க, அதே பணத்தை போனஸா கையில கொடுத்திருந்தா அத்தனைக்கும் கம்பெனி ஷேர் வாங்கியிருப்பீங்களா? இஎஸ்பிபில தள்ளுபடி கிடைக்குதா, வாங்குங்க, வித்துட்டு வெளிய வாங்க. மொத்த சேமிப்புல கம்பெனி ஷேர் பத்து சதவீதத்தை தாண்ட விடாதீங்க, நான் அஞ்சு போதும்னு சொல்ற ஆளு.

ரிட்டையர் ஆகப் போறவங்க மட்டும் கொஞ்சம் நில்லுங்க, ரொம்ப பழைய, கம்மி விலைக்கு வாங்கின ஷேர் 401கேல இருந்தா, வித்து மாத்துறதுக்கோ ஐஆர்ஏங்கற உங்க சொந்த ரிட்டையர்மெண்ட் அக்கவுண்ட்டுக்கு கொண்டு போறதுக்கோ முன்னாடி ஒருத்தர்கிட்ட கணக்கு காட்டுங்க, டேக்ஸ்ல தனி சலுகை ஒண்ணு இருக்கு, அவசரத்துல போயிடும். 401கேல கடன் வாங்கி பேஸ்மெண்ட் கட்டினவங்களே, வேலை போச்சுன்னா அந்தக் கடனை பொதுவா அந்த வருஷத்து டேக்ஸ் ஃபைலிங் கெடுவுக்குள்ள அடைக்கணும், இல்லன்னா வருமானமா கணக்காகி, 59½ வயசுக்கு கீழ இருந்தா பெரும்பாலும் பத்து சதவீத அபராதமும் சேரும். ஆறு மாச செலவு பேங்க்ல பணமா இருக்கட்டும். ஷேரா இல்ல, பணமா.

அந்த தம்பி போனை வைக்கறதுக்கு முன்னாடி, "சனிக்கிழமை நேர்ல வரேன் சார்"ன்னார். மனைவியையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன். 2009ல என் ஆபீஸுக்கு வந்த அக்கா தங்கச்சிங்க நிறைய பேருக்கு, வீட்டு சேமிப்பு எல்லாம் ஒரே ஷேர்ல இருந்துச்சுங்கறதே அது போனதுக்கு அப்புறம்தான் தெரியும். நீங்களும் இன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் சேந்து உக்காந்து அந்த 401கே அக்கவுண்ட்டை திறந்து, கம்பெனி ஷேர் எத்தனை சதவீதம்னு மட்டும் பாருங்க.